நான்காவது வரிசை, முதல் இடம்

எட்டு வயதுக் குழந்தைக்காகச் செய்த நாற்காலியில் முப்பத்தைந்து வயது ஆள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும். அந்த நிலையில் மடியில் நோட்டை வைத்து எழுதுவது ஒரு வித்தை. முதல் நாள் எழுந்தபோது இடது கால் மரத்துப்போயிருந்தது. நான் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனதைப் பார்த்து மூன்றாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. அன்றைக்கு அந்த வகுப்புக்கு என்னால் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

ஒன்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி வருகிறேன். எதுவும் முழு உண்மையில்லை என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன். பயிற்சியின் முதல் கட்டத்தில் பாடம் நடத்த விடமாட்டார்கள். ஆறு வாரம் தொடக்கப் பள்ளி வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்ததை உற்றுநோக்கல் பதிவேட்டில் எழுத வேண்டும். வெறுமனே பார்ப்பதற்கு ஆறு வாரமா என்று எனக்குள் ஒரு அலட்சியம் இருந்தது. பள்ளிக்கூடம் நான் பார்க்காத இடமா?

முதல் நாளே நான்கு பக்கம் எழுதினேன். ஆசிரியை எப்படிப் பாடத்தைத் தொடங்கினார், கரும்பலகையை எத்தனை பாகமாகப் பிரித்தார், எங்கே குரலை உயர்த்தினார், எங்கே தாழ்த்தினார், எல்லாம் இருந்தது. பெருமையோடு பயிற்றுநரிடம் நீட்டினேன். அவர் நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்து முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வகுப்பில் குழந்தைகள் யாராவது இருந்தார்களா?" என்று கேட்டார்.

இருந்தார்கள். இருபத்தெட்டுப் பேர். நான்கு பக்கத்தில் அவர்களைப் பற்றி இருந்தது ஒரே வரி: "மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்." அதையும் நான் பார்த்து எழுதவில்லை. அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்று நினைத்து எழுதியது.

டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இந்த நோயை 1975-லேயே அடையாளம் கண்டிருக்கிறார். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் என்று அவர் கணக்குப் போட்டார். வேறு எந்த வேலையையும் யாரும் இவ்வளவு நேரம் பார்த்துவிட்டு அந்த வேலைக்கு வருவதில்லை. அதனாலேயே அது தெரிந்துவிட்டது போன்ற மயக்கம் வருகிறது. இருபது வருடம் ஜன்னலோர இருக்கையில் பயணம் செய்தவர், பஸ் ஓட்டவும் தெரியும் என்று நம்புகிற மாதிரி. நான் வகுப்புக்குப் பின்னால் பெரியவர்களுக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததோ இன்னும் பழைய மாணவர் இருக்கையிலிருந்துதான். கண் தானாகக் கரும்பலகைப் பக்கமே போனது.

பயிற்றுநர் கொடுத்த மருந்து எளிமையானது. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது. வரவும் செலவும் போல இரண்டும் கலக்கக் கூடாது. இதைக் கேட்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது, ஒன்பது ஆண்டுகள் செய்த வேலைதானே. குழந்தைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதக் கூடாது என்பது விதி. அதற்கும் என்னிடம் வழி இருந்தது. வரிசை எண், இட எண். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக இருப்பவள் 2-3. நான்காம் வரிசையில் முதலில் இருப்பவன் 4-1.

கோடு போட்டாயிற்று, பிரிக்கத்தான் முடியவில்லை. "4-1 சோம்பேறி" என்று இடப்பக்கம் எழுதியிருந்தேன். பயிற்றுநர் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, "இது எந்த நிறத்தில் இருந்தது? எவ்வளவு நீளம்?" என்றார். அவருக்கு இப்படிப் பேசுவதில் ஒரு சந்தோஷம். நான் அடித்துவிட்டு, நிஜமாகவே பார்த்ததை எழுதினேன்: "எட்டு நிமிடத்தில் மூன்று முறை பென்சில் சீவினான். இரண்டு வரி எழுதினான்." சோம்பேறி என்ற சொல் வலப்பக்கத்துக்குப் போனது. அங்கே போனதும் அது கொஞ்சம் அசிங்கமாகத் தெரிந்தது.

அதன் பிறகு 4-1-ஐ விடாமல் பார்த்தேன். கணக்கு நேரத்தில் அவன் பென்சில் சீவுவதே இல்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதும் இல்லை. அப்போது எழுத்து அச்சு மாதிரி இருக்கும். "இனி நீங்களாக ஐந்து வாக்கியம் எழுதுங்கள்" என்று ஆசிரியை சொன்னதும்தான் சீவி வெளியே வரும். சுருள் சுருளாகச் சீவி, தூளை உள்ளங்கையில் சேர்த்து, குப்பைக் கூடைவரை நடந்து, திரும்பி வந்து, முனையை ஒரு கண் மூடிப் பார்த்து... இவ்வளவும் முடிவதற்குள் பக்கத்திலிருப்பவள் மூன்று வாக்கியம் எழுதிவிடுவாள். எழுதத் தெரியாத பையனா? அவன் கையெழுத்தைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எதை எழுதுவது என்பதுதான் அவனுக்கு மலை. வகுப்பாசிரியையிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "முதல் வாக்கியத்தை வாயால் சொல்ல வைத்தால் கொஞ்சம் நகர்வான். தினமும் அவன் பக்கத்தில் நின்று கேட்க எனக்கு நேரம் கிடைப்பதில்லை" என்றார். அவர் அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் வாரம் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து எடுத்து, முன்பக்கத்தில் ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொண்டேன். இதற்கு எந்தப் புத்தகமும் தேவைப்பட்டிருக்கக் கூடாது. பின்னாலிருந்து பார்த்தால் தெரிவது இருபத்தெட்டுப் பிடரிகள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முகங்கள். கேள்வி கேட்டதும் எந்த முகம் மேலே பார்க்கிறது, எது பக்கத்து நோட்டைப் பார்க்கிறது, எது "என்னைக் கேட்டுவிடாதே" என்று மேசைக்குள் புகப் பார்க்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடுவில் ஒரு விபரீத முயற்சியும் செய்தேன். நெட் பிளாண்டர்ஸ் என்ற ஆய்வாளரின் முறை ஒன்று ஆசிரியர் பயிற்சிகளில் பிரபலம்: வகுப்பில் நடக்கும் பேச்சைப் பத்து வகையாகப் பிரித்து, மூன்று விநாடிக்கு ஒருமுறை அப்போது நடப்பது எந்த வகையோ அந்த எண்ணைக் குறிக்க வேண்டும். பத்தில் ஏழு ஆசிரியர் பேச்சுக்கு, இரண்டு மாணவர் பேச்சுக்கு, மிச்சம் ஒன்று மௌனத்துக்கும் குழப்பத்துக்கும். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள், அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பது அவர் சொன்ன விதி. எண்கள் என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. பத்து நிமிடத்துக்கு இருநூறு எண்கள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. என் தாளில் அந்த இடத்தில் "10" என்று இருந்தது, மௌனம் அல்லது குழப்பம். முறையில் பிழையில்லை, அதைக் கையாளப் பழகியிருக்க வேண்டும். நான் அதோடு மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

ஆனால் விநாடி எண்ணும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? மேரி பட் ரோ என்பவர் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து, 1970-களில் இதை அளந்தார். சராசரியாக ஒரே ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், இன்னொருவரைக் கூப்பிடுவார், அல்லது தானே சொல்லிவிடுவார். இதை மூன்று விநாடியோ அதற்கு மேலோ ஆக்கினால் பதில்கள் நீளமாயின, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாகக் கை தூக்காத குழந்தைகள் பேசினார்கள். காத்திருக்க வேண்டிய இடங்கள் இரண்டு என்றும் அவர் சொன்னார்: கேள்விக்குப் பின்னால் ஒன்று, குழந்தை பதில் சொன்ன பின்னால் இன்னொன்று. இரண்டாவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. குழந்தை நிறுத்தியதும் "மிகச் சரி" என்று பாய்ந்துவிடுகிறோம். அது மூச்சு வாங்கத்தான் நிறுத்தியிருக்கும்.

நான் போன வகுப்பின் ஆசிரியைக்கு ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்டவுடன் திரும்பிக் கரும்பலகையின் மூலையில் எதையாவது அழிப்பார். பல சமயம் அங்கே அழிக்க ஒன்றுமே இருக்காது. முதல் வாரத்தில் வலப்பக்கத்தில் "மாணவர்களின் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார்" என்று எழுதி வைத்திருந்தேன், எவ்வளவு கூர்மையான கவனிப்பு என்று என்னையே மெச்சிக்கொண்டு. மூன்றாம் வாரம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது புரிந்தது. அந்த வெற்று அழிப்பு நான்கு அல்லது ஐந்து விநாடி. அவர் திரும்பும்போது, கேள்வி கேட்டபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு கைகள் மேலே இருக்கும். கேட்டேன். "சும்மா நின்றால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் வாய் அடங்கும்" என்றார்.

இனி 2-3-இன் கழித்தல். இந்த ஆறு வாரத்தில் நான் பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

பத்துக் கணக்கு. 2-3-க்கு ஆறு சரி, நான்கு தவறு. ஆசிரியை திருத்துவதற்கு முன்னால் நோட்டை எனக்குக் காட்டினார். பழைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கணக்குப் புத்தகத்தில் இரு பக்கமும் ஒத்துப்போகாமல், வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், பெரும்பாலும் யாரோ 36-ஐ 63 என்று எழுதியிருப்பார்கள். தவறுக்கு ஒரு நடை உண்டு. நடையைப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம். 2-3 எழுதியிருந்தாள்: 52 - 38 = 26. மற்ற மூன்றும் இதே சாயல். கடன் வாங்கத் தேவையில்லாத ஆறும் சரி; கடன் வாங்க வேண்டிய நான்கும் தவறு. அவள் கவனக்குறைவாக ஒன்றையும் செய்யவில்லை. ஒவ்வொரு பத்தியிலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருந்தாள், பத்துக் கணக்கிலும், ஒரு முறைகூடப் பிசகாமல். ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் குழந்தைகளின் கழித்தல் தவறுகளை இப்படித்தான் வகைப்படுத்தினார்கள் என்று பின்னால் படித்தேன்: தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகிற தவறுகள்.

ஆசிரியை அவளை மேசைக்கு அழைத்தார். சிவப்பு மையை எடுக்கவில்லை.

"இதை எப்படிப் போட்டாய் என்று எனக்குச் சொல்லிக் கொடு."

"எட்டில் இரண்டு போனால் ஆறு. ஐந்தில் மூன்று போனால் இரண்டு."

"இரண்டுதானே மேலே இருக்கிறது? எட்டிலிருந்து ஏன் கழித்தாய்?"

"பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும் டீச்சர். போன வருடம் சொல்லிக் கொடுத்தார்கள்."

சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். ஓரிலக்க எண்களோடு விளையாடும் வயதுக்கு அது நல்ல விதி. வயது ஏறியது, விதி கூடவே ஏறி வந்துவிட்டது.

ஆசிரியை பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் வைத்து, "முப்பத்தெட்டு எனக்குக் கொடு" என்றார். 2-3 மூன்று கட்டை நகர்த்தினாள். உதிரி இரண்டையும் நகர்த்தினாள். பிறகு மேசையைப் பார்த்தாள். என் கடிகாரத்தில் பதினொரு விநாடி. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வளையத்தைக் கழற்றும்மா என்று. அவளாகவே கழற்றினாள். ஆறு குச்சி எண்ணி நகர்த்தினாள். மிச்சத்தை எண்ணி, "பதினான்கு" என்றாள்.

"நோட்டில் என்ன இருக்கிறது?"

"இருபத்தாறு."

"எது சரி?"

"குச்சி சரி."

"அப்படியானால் நோட்டு?"

"நோட்டும் சரி" என்றாள், சிறிதும் சங்கடமில்லாமல்.

குச்சிக்கு ஒரு நியாயம், நோட்டுக்கு ஒரு நியாயம். ஆசிரியை சிரித்துவிட்டு, "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபமே வந்தது. தவறு என்று தெரிந்தும் ஒரு குழந்தையை அப்படியே வீட்டுக்கு அனுப்புவதா? கணக்குப் பிரிவில் இருப்பு ஒத்துவராமல் யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. மறுநாள் அவர் அவளிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தார்: மிச்சம் இருபத்தாறு என்றால், என்னிடம் இருக்கும் முப்பத்தெட்டையும் அதோடு திருப்பிச் சேர்த்துப் பார். கூட்டினாள். அறுபத்து நான்கு வந்தது. மறுபடி கூட்டினாள். "ஐம்பத்திரண்டுதானே இருந்தது?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போய்விட்டாள். யாரும் சொல்லாமல் மற்ற மூன்று கணக்குகளையும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் அன்றே கடன் வாங்கக் கற்றிருப்பாள். இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது. (வலப்பக்கம். நினைத்ததுதான், கண்டதில்லை.)

வகுப்பை அடக்குவது பற்றிச் சொல்லவில்லையே என்று உடன் பயிலும் நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் பயிற்சியில் எல்லோருக்கும் இருக்கும் பெரிய பயம் அது. எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், குறும்பு நடந்த பிறகு எப்படிக் கண்டிக்கிறார்கள் என்பதில் நல்ல ஆசிரியர்களுக்கும் திணறுகிறவர்களுக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. நடப்பதற்கு முன்னால், அறை முழுவதும் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும் என்பதைக் குழந்தைகள் உணர்ந்திருந்ததில்தான் வேறுபாடு இருந்தது. எங்கள் ஆசிரியை கரும்பலகையில் எழுதும்போது முதுகைக் காட்டுவதில்லை. ஒரு தோளை வகுப்பின் பக்கம் வைத்துப் பக்கவாட்டில் நின்று எழுதுவார். கையெழுத்து சற்றுக் கோணலாக இருக்கும். முதல் நாள் பதிவேட்டில் "கரும்பலகை எழுத்து இன்னும் நேராக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறேன். நல்லவேளை, அந்தப் பக்கத்தை அவர் கேட்கவில்லை.

ஆறாம் வாரம் பதினைந்து நிமிடம் பாடம் நடத்த அனுமதித்தார்கள். சமக்குறி பற்றி. 8 + 4 = ▢ + 5 என்று எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று கேட்பது திட்டம். "இதோ விடை" என்பதுதான் சமக்குறிக்குப் பொருள் என்று பல குழந்தைகள் நினைத்திருப்பார்கள், 12 என்பார்கள், அங்கிருந்து தராசுக்குப் போகலாம் என்று பாடக்குறிப்பில் அழகாக எழுதி வைத்திருந்தேன். 12 வந்தது. உடனே ஒருவன் எல்லாவற்றையும் கூட்டி 17 என்றான். பதினேழுக்கு என் குறிப்பில் இடமில்லை. திக்கென்று நின்று, "இல்லை, ஏழு. ஏன் ஏழு?" என்று நானே போட்டு உடைத்துவிட்டேன்.

அன்றைக்கு என் சின்ன நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தவர் வகுப்பாசிரியை, கையில் என் கடிகாரத்தோடு. முடிந்ததும் தாளை நீட்டினார். பதினொரு கேள்வி. காத்திருந்தது சராசரி ஒரு விநாடி. நான்கு கேள்விக்கு நானே பதில் சொல்லியிருந்தேன். "நாளைக்கு அழிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

கடைசி நாள் விடைபெறும்போது குழந்தைகள் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். ஆறு வாரமாக அவர்களை அரித்துக்கொண்டிருந்த கேள்வியை 4-1 கேட்டான்: "இதில் என்னதான் எழுதினீர்கள் டீச்சர்?" யாரையும் படிக்க விட்டிருக்கக் கூடாது. ஆனால் அவன் கேட்ட தோரணையில் நான் ஒரு பக்கத்தைப் புரட்டி, அடித்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் காட்டினேன். இருக்கை எண்ணை அவன் கண்டுபிடிக்க மூன்று விநாடிகூட ஆகவில்லை. எட்டு நிமிடத்தில் மூன்று முறை பென்சில் சீவினான். விரலை வைத்துப் படித்தான். மறுபடி படித்தான்.

"மூன்று இல்லை டீச்சர், நான்கு" என்றான். "நீங்கள் குனிந்து எழுதும்போது ஒரு தடவை சீவினேன்."

அவன் பென்சிலையே வாங்கித் திருத்தினேன்.